தீவில் சாப்பிட்டுக் கிடந்த நாள்

அந்தத் தீவுக்குப் போகும்வரை நானும் என் கணவரும் சேர்ந்து ஊர் சுற்ற எங்கும் போனதில்லை. சேர்ந்து போன இடமெல்லாம் ஒன்று ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் கோயில். ஆஸ்பத்திரி திருச்சியில் இருந்தது. கோயில்கள் எல்லாப் பக்கமும் இருந்தன.

எங்களுக்கு மயிலாடுதுறையில் வீடு. அவருக்கு உரக்கடை. நான் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, கடைசியில் டெஸ்ட் ட்யூப் முறைக்குப் போனோம். நான்கு தடவை கரு வைத்தார்கள். நான்கு தடவையும் ஒட்டவில்லை. அங்கே எல்லோரும் சொல்லும் வார்த்தை அதுதான். நர்ஸ் சொல்வாள், டாக்டர் சொல்வார், பிறகு நாங்களும் வீட்டுக்கு வந்து போனில் சொந்தக்காரர்களிடம் அதே வார்த்தையைச் சொல்வோம்.

முதல் மூன்று தடவையும் அழுதேன். நான்காவது தடவையும் ஒட்டவில்லை என்று தெரிந்தது பங்குனி மாதத்தில். காரில் திரும்பி வரும்போது அழுகை வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர் தாண்டியது. கும்பகோணம் தாண்டியது. வரவில்லை. கால் மரத்துப்போனால் தட்டிப் பார்ப்போமே, அதுபோல மனசுக்குக் கஷ்டமானதை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தேன். மறுநாள் நடத்த வேண்டிய கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத் தூங்கினேன்.

டாக்டர் அம்மா நல்லவர். "இன்னும் ரெண்டு கரு உறைய வெச்சிருக்கோம். ஜூன்ல வெச்சுப் பார்க்கலாம். அதுவரைக்கும் உடம்புக்கு ரெஸ்ட் குடுங்க. ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார். எங்கே போவது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அப்போதெல்லாம் நாங்கள் எதையும் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. காலையில் அவர் கடைக்குப் போவார், நான் பள்ளிக்கூடம் போவேன், இரவு இருவரும் இட்லியோ தோசையோ சாப்பிடுவோம்.

என் நாத்தனார், அதாவது அவருடைய தங்கை, கரீபியன் பக்கம் ஒரு சின்னத் தீவில் இருக்கிறாள். அவள் கணவர் அங்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்துகிறார். மகள் கனடாவில் படிக்கிறாள். என் மாமனார் நன்னிலம் பக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்றுக்கட்டு சுமந்து இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தவர். அவர் மகள் உலகத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள் என்பதில் அந்த ஊருக்கே பெருமை. அவள்தான் போன் பண்ணினாள்.

"அண்ணி, மே மாசம் உங்களுக்கு லீவு. அண்ணனுக்கும் மேட்டூர் தொறக்கிற வரைக்கும் யாவாரம் கெடையாது. கெளம்பி வாங்க. நான் எல்லாம் பார்த்துக்கிறேன்."

ஊட்டிக்கே வராத மனிதர் அவர். ஆனால் போனை வாங்கி, "சரி, வர்றோம்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு ஆச்சரியம் வந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் எங்கே வைத்தோம் என்றுதான் யோசித்தேன்.

புறப்படுமுன் மாமியார் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஊறுகாய், வடகம், பருப்புப்பொடி எல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"அங்க போயி கண்டதையும் தின்னுப்புடாத. பப்பாளி, அன்னாசி எல்லாம் அந்தூர்ல நெறைய வெளையுமாம். கையால தொடாத. ஆனியில மறுபடி வெக்கணும்ல?"

"சரிங்கத்தை" என்றேன்.

மூன்று விமானம் மாறிப் போனோம். நாத்தனார் முதல் சில நாட்கள் எங்களை அலைக்கழித்துவிட்டாள். மலை, அருவி, பழைய கோட்டை, வெந்நீர் ஊற்று. நான் போன இடமெல்லாம் "நல்லா இருக்கு" என்று சொன்னேன். நல்லாத்தான் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல இருந்தது, அவ்வளவுதான். அவர் வழியில் தெரிந்த வாழைத் தோட்டங்களைப் பார்த்து, "பொட்டாஷ் பத்தலை" என்றார். அந்த நாட்களில் அவர் தானாகப் பேசியது பெரும்பாலும் அதைப் போன்றதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாத்தனாரின் கணவர் அரைக்கால் சட்டையோடு வந்து எங்கள் அறைக் கதவைத் தட்டினார்.

"மச்சான், இன்னைக்கு எந்த மலையும் ஏற வேணாம். சாப்பிடறோம், குடிக்கிறோம், மரத்தடியில கெடக்கிறோம். அவ்வளவுதான் ப்ரோக்ராம்."

"அதுக்கு எதுக்கு மாப்ள இவ்வளவு தூரம் வரணும்? கடைக்குப் பின்னாடி கட்டில் கெடக்குது" என்றார் என் கணவர்.

நாத்தனார் சமையலறையில் அந்த ஊர்க் காலைச் சாப்பாட்டைச் செய்துகொண்டிருந்தாள். உப்புக் கருவாட்டை ஊறவைத்து, உதிர்த்து, வெங்காயம் தக்காளி குடைமிளகாய் போட்டு வதக்கியிருந்தாள். கூடவே எண்ணெயில் பொரித்த மைதா ரொட்டி. பூரிக்கும் போண்டாவுக்கும் நடுவில் ஒரு ரகம். குடிப்பதற்குக் கொக்கோ உருண்டையைத் துருவி, பட்டை ஜாதிக்காய் தட்டிப் போட்டுப் பாலில் காய்ச்சியிருந்தாள். வீடு முழுக்க ஜாதிக்காய் வாசனை. காலை வேளையில் கருவாடா என்று நான் கேட்கவில்லை. உட்கார்ந்தேன். அவள் எல்லாவற்றையும் மேசையில் வைத்தாள். கடைசியாக ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து என் பக்கமாக வைத்தாள். பாதித் தட்டு பப்பாளி, பாதித் தட்டு அன்னாசி. பளபளவென்று, அப்போதுதான் நறுக்கியது.

என் கணவரின் கை சட்டென்று நீண்டு தட்டின் விளிம்பைப் பிடித்தது. தட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வதற்குத்தான். அவர் யோசித்துச் செய்யவில்லை, வருடக்கணக்கான பழக்கம். கல்யாண வீட்டுப் பந்தியில் என் இலையில் அன்னாசிக் கேசரி விழுந்தால் அவர் கைதான் முதலில் அதை எடுக்கும். எங்கள் கொல்லையில் தானாக முளைத்த பப்பாளிக் கன்றை அவரேதான் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தார்.

நாத்தனாருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ அண்ணி, நான் ஒரு கூறுகெட்டவ, மறந்தே போயிட்டேன்" என்று எழுந்தாள்.

"இருக்கட்டும்" என்றேன்.

அவர் கை தட்டின் மேலேயே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். நான் ஒரு துண்டு பப்பாளியை எடுத்து வாயில் போட்டேன். அடுத்து அன்னாசி. மறுபடி பப்பாளி. இனிப்பாக இருக்கிறது என்று தெரிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சாப்பிட்டுவிட்டு, இனிப்பாக இருந்தது என்று வந்து சொன்னால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது. பாதித் தட்டு காலியானதும் நிறுத்தினேன். வயிறு நிறைந்துவிட்டது, அதனால்தான்.

அத்தனை வருடம் எனக்குச் சாப்பாடு என்று ஒன்று இருந்ததே கிடையாது. எல்லாமே மருந்து. திருக்கருகாவூர் அம்மன் கோயில் நெய்யை ஒரு மண்டலம் படுக்கப் போகுமுன் சாப்பிட்டேன். மாதுளை ரத்தத்துக்கு, முட்டையின் வெள்ளை ஊசிக்கு, இளநீர் சூட்டுக்கு. எள்ளு கூடாது. காப்பி கூடாது. கருப்பை குளிர்ந்துவிடும் என்று ஒருத்தர் தயிரை நிறுத்தினார், சூடாகிவிடும் என்று இன்னொருத்தர் கோழியை நிறுத்தினார். யார் சொன்னாலும் கேட்டேன். அந்தத் தட்டை நான் தொட்டது கோபத்தினால் இல்லை, வீம்பினாலும் இல்லை. எடுத்து உள்ளே வைக்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசுவதைவிடச் சாப்பிடுவது சுலபமாக இருந்தது.

பிறகு கடற்கரைக்குப் போனோம். சின்ன வளைவான கரை, சுற்றிலும் குன்று. மணல் நம் பக்கத்து மணல் மாதிரி காலைச் சுடவில்லை. கரையோரம் நாட்டுவாதாம் மரங்கள் நின்றன. எங்கள் பள்ளிக்கூட வாசலில் நிற்பதும் அதே மரம்தான். ஒரு மரத்தடியில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். இளநீர் விற்கிறவன் வண்டியில் காய்களை அடுக்கி வைத்திருந்தான். என் கணவர் எழுந்து போய்க் காயைத் தட்டித் தட்டிப் பார்த்து, அவன் எடுத்த காயை வேண்டாம் என்று ஒதுக்கி, தானே நான்கைப் பொறுக்கிக்கொடுத்தார். மொழி தெரியாமலேயே இருவரும் கொஞ்சநேரம் தகராறு செய்தார்கள். வெட்டிப் பார்த்தால் அவர் எடுத்ததில் மூன்று முற்றல். இளநீர்க்காரன் சிரித்தான். நாத்தனாரின் கணவரும் சிரித்தார். "ஊரு மாறினா காயும் மாறும் போலருக்கு" என்று என் கணவர் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு பனிக்கட்டி போட்ட பெட்டியைத் திறந்தார்கள். நாத்தனாரின் கணவர் ஒரு பீர் பாட்டிலை என் கணவருக்கு நீட்டினார். அவர் குடிப்பார் என்று எனக்குத் தெரியும். எங்காவது கல்யாணம், திருவிழா என்றால் நண்பர்களோடு போய்விட்டு வந்து, வாயில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். ஆனால் தங்கை முன்னால் ஒருநாளும் குடித்ததில்லை. பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அண்ணே, இந்தப் பக்கம் பார்த்தே குடி. இங்க யாரு பார்க்கப்போறா? நானும்தான் குடிக்கப் போறேன்" என்றாள் நாத்தனார்.

"நீயுமா?" என்றார்.

"இது வேற. ஜூஸ் மாதிரி." அவள் ஒரு புட்டியிலிருந்து கண்ணாடித் தம்ளரில் ஊற்றினாள். ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு. மேலே மறுபடி ஜாதிக்காய்த் தூள். ஊற்றிவிட்டு என்னைப் பார்த்து, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினாள்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்து" என்றேன்.

"பழக்கம் இல்லையே. மெதுவாக் குடி" என்றார் என் கணவர். தடுக்கவில்லை. முதல் வாய் இனிப்பாக இறங்கியது. இரண்டாவது வாயில் காது மடல் சூடானது. தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரு கோடு இழுத்த மாதிரி இருந்தது. பல மாதங்களில் என் உடம்புக்குள் எதுவோ நடப்பதை ஊசி இல்லாமல் நான் கவனித்தது அப்போதுதான்.

பகல் சாப்பாட்டுக்குக் கரையோரமே ஒரு கடை இருந்தது. கடை என்றால் நான்கு கம்பு, மேலே தகரம். எண்ணெய் பீப்பாயை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து அதில் கரி போட்டு, மேலே கம்பி வலை வைத்து ஒரு பெண் மீன் சுட்டுக்கொண்டிருந்தாள். நல்ல ஆகிருதி. தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். பெரிய சிவப்பு நிற மீன்கள். நம் சங்கரா ஜாதி. நான் நாத்தனாருடன் போய் நின்றேன். அவர்கள் பேசுகிற ஆங்கிலத்தில் எனக்குப் பாதிதான் பிடிபடும். மீன்காரி என்னை ஏறஇறங்கப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டாள். நாத்தனார் சொன்னாள். பிறகு மீன்காரி என்னிடம் நேராகவே கேட்டாள். "பிள்ளைங்க எத்தனை?"

நாத்தனார் ஏதோ வேறு பேச்சுக்குத் தாவப் பார்த்தாள். நான், "இல்லை" என்றேன்.

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். "அப்ப உன் மீனை முழுசா நீயே சாப்பிடலாம். எனக்கு அஞ்சு. எனக்கு வாலுதான் மிஞ்சும்."

சொல்லிவிட்டு அடுத்த மீனுக்கு உப்புத் தடவப் போய்விட்டாள். எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு நான் இல்லை என்றால் கேட்டவர் முகம் ஒரு மாதிரி ஆகும். பிறகு ஒரு டாக்டர் பெயர் வரும், இல்லாவிட்டால் ஒரு கோயில் பெயர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூடக் கைப்பையிலிருந்து திருநீறு எடுத்துக் கொடுத்திருக்கிறார். இவள் அப்படி ஒன்றும் செய்யவில்லை. அவளுக்கு அடுப்பில் வேலை இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷத்தினால் என்று சொல்ல முடியாது. வாய் தானாகச் சிரித்தது. நாத்தனார் மட்டும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மீனோடு சுட்ட சீமைப்பலா வந்தது, பயறு போட்டு வேகவைத்த சோறு வந்தது. என் கணவர் சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்தார். "புழுங்கல்தான். ஆனா பழசு" என்றார். சொல்லிவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டார். எனக்குப் பாதி மீனுக்கு மேல் இறங்கவில்லை. மீதியைக் காக்கைக்குப் போடலாம் என்று தேடினால் அந்தத் தீவில் காக்கை கண்ணில் படவில்லை.

சாப்பிட்டானதும் நாத்தனாரும் அவள் கணவரும் கடலில் இறங்கி நீந்தப் போனார்கள். நாங்கள் இருவரும் மரத்தடியில் கிடந்தோம். அவர் மல்லாந்து படுத்து, கையை மடித்துக் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

"போன தடவை வெச்சாங்கல்ல, அன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணும் சாப்பிடாம விரதம் இருக்கணும்னு அம்மா சொல்லிச்சு."

"ஆமா."

"உன்னைய உள்ள கூட்டிட்டுப் போனதும் நான் கீழ எறங்கிப்போயி டீக்கடையில ரெண்டு வடை சாப்பிட்டேன். பசி தாங்க முடியலை. காலையிலேருந்து வெறும் வயிறு. அப்புறம் ஒட்டலைன்னு சொன்னாங்கள்ல, அப்பலேருந்து..." நிறுத்தினார். கையைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "அந்த வடையாலதானோன்னு."

பங்குனியிலிருந்து வைகாசிவரை இந்த மனிதர் அதைத் தூக்கிச் சுமந்திருக்கிறார். யூரியா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, என்னோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டு, விமானத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டிய இடம். அது எங்கோ தூரத்தில் இருந்தது. வரும் என்று தெரிந்தது, ஆனால் அப்போது வரவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

"என்ன வடை?"

"மெதுவடை."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு" என்றார். "சூடா இருந்துச்சு. சட்னிகூட..." நெஞ்சு ஏறி இறங்கியது. அவர் அழுது நான் பார்த்தது மாமனார் செத்தபோது ஒருதரம், இது இன்னொருதரம். நான் அவர் சட்டைமேல் கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். நாத்தனாரின் தலையும் அவள் கணவரின் தலையும் தண்ணீரில் இரண்டு தேங்காய் போல மிதந்தன.

அவர் அடங்கியதும் கேட்டார். "ஜூன்ல போகணும்ல?"

"போகணுமா?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் மணல். "எனக்கு அந்த ஆஸ்பத்திரிப் படி ஏற முடியலை. ஒவ்வொரு தடவையும் காலு பின்னிக்குது. உனக்கு ஆசையா இருக்குமேன்னுதான் சும்மா இருந்தேன்."

"உங்களுக்கு ஆசையா இருக்குமேன்னுதான் நானும் சும்மா இருந்தேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எதிரே ஒரு படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். படகு முழுதாக மணலுக்கு வந்துவிட்டது.

"போதும்ங்க" என்றேன்.

"போதுமா?"

"போதும்."

சொன்னபிறகு ஏதாவது இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன். காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாதாம் இலை ஜமக்காளத்தில் விழுந்தது. பிறகு எனக்குப் பசித்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, வயிற்றைக் கிள்ளுகிற மாதிரி பசி. அவரிடம் சொன்னேன். அவர் கடையை நோக்கி நடந்து, ஒரு முழு மீனை வாழையிலையில் வாங்கி வந்தார். இருவரும் அதை நடுவில் வைத்துக்கொண்டு கையால் பிய்த்துச் சாப்பிட்டோம். கன்னத்துச் சதையை அவர் எனக்குத் தள்ளினார். மிளகாயும் எலுமிச்சையும் தூக்கலாக இருந்தன. மூக்கில் நீர் வந்தது. அந்த மீன் காரமாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாத்தனார் கரையேறி வந்தபோது, "அவ்வளவுதாம்மா, நிறுத்திட்டோம்" என்று அவர் சொன்னார். அவள் துவாலையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவள் கணவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாவம், இறந்த உடம்புகளை வைத்துப் பாடம் நடத்துகிறவர். ஈரக் கால்சட்டையோடு போய் நான்கு தேங்காய் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். "சாப்பிடும்மா, உருகிடும்" என்று என் கையில் ஒன்றைக் கொடுத்தார். சாப்பிட்டோம். வீட்டுக்குப் போனபிறகு யாருக்கும் பசியில்லை என்றோம். நாத்தனார் ரசம் வைத்தாள். எல்லோரும் ரசம் சாதம் சாப்பிட்டோம்.

ஊருக்கு வந்ததும் திருச்சிக்குப் போய் டாக்டர் அம்மாவிடம் நேரில் சொன்னோம். "அவசரப்படாதீங்க, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "யோசிச்சாச்சுங்கம்மா" என்றார் என் கணவர். டாக்டர் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

மாமியாரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நன்னிலத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து ஊருக்குப் போனோம். மாமியார் தன் மகளைப் பற்றி, மாப்பிள்ளையைப் பற்றி, அந்த ஊர் வீட்டைப் பற்றி எல்லாம் கேட்டார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். கருவாடு, சீமைப்பலா, கொக்கோ எல்லாவற்றையும் என் கணவர் சொன்னார். காலையிலேயே கருவாடா என்று மாமியார் வாயில் கைவைத்தார். பிறகு என் கணவர் விஷயத்தைச் சொன்னார்.

மாமியார் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "அப்ப நான் எதுக்குடா அத்தனை சாமிக்கு நேர்ந்துகிட்டேன்?"

"அம்மா..."

"போங்க. உங்க இஷ்டம். என்னை எதுக்குக் கேக்குறீங்க?"

உள்ளே போய்விட்டார். நாங்கள் புறப்படும்போது வெளியே வரவில்லை. அதன்பிறகு பல வாரம் என்னோடு பேசவில்லை. மகனுக்குப் போன் செய்து நாற்றங்கால், களைக்கொல்லி பற்றி மட்டும் கேட்டுக்கொள்வார். ஆடி மாதத்தில் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட பாலைத் தானே குடம் தூக்கிப் போய் ஊற்றிவிட்டதாகச் சொன்னார். "நேர்ந்ததை வெச்சுக்கக் கூடாது. அவ குடுத்தா என்ன, குடுக்காட்டி என்ன" என்றார். காப்பி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். இப்போது பேசுகிறார். முன்புபோல இல்லை. ஆனாலும் பேசுகிறார்.

எனக்கு அழுகை எப்போது வந்தது என்று கேட்டால், ஒழுங்காகச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆவணியில் ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கொஞ்சம் அழுதேன். எதனால் என்று தெரியவில்லை. பிள்ளைகள் சளி என்று நினைத்தார்கள். அதற்குப்பிறகு ஒன்றிரண்டு தடவை வந்தது. பெரும்பாலான நாட்கள் ஒன்றும் இல்லாமல்தான் போகின்றன. ஒன்றும் இல்லாமல் இருப்பது இப்போது பயமாக இல்லை.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கடையைப் பூட்டிவிடுகிறார். சம்பா நடவு நேரத்தில்கூடப் பூட்டினார். உரம் வாங்க வந்தவர்கள் திட்டினார்கள். நாங்கள் வண்டியில் தரங்கம்பாடிக்கோ பூம்புகாருக்கோ போகிறோம். கோயிலுக்குள் போவதில்லை. கரையில் மீன் வறுக்கிற கடை எதிலாவது உட்காருகிறோம். மீனவப் பெண்கள் நடத்துகிற கடைகள். ஒருத்தி எங்களைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்துவிட்டு, "வாங்கக்கா, வாங்கண்ணே" என்பாள். அவளும் ஒருநாள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். இல்லை என்றேன். அவளுக்குத் தெரிந்த ஒரு கோயிலைச் சொன்னாள். சரி என்று கேட்டுக்கொண்டேன்.

அங்கே நாங்கள் அதிகம் பேசுவதில்லை. போன ஞாயிறு வஞ்சிரம் வரவில்லை என்றாள். மத்திதான் இருந்தது. ஒரு தட்டு வாங்கினோம். முள் அதிகம். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுச் சாப்பிட்டு முடிக்க ரொம்ப நேரம் ஆனது. அவர் இன்னொரு தட்டு சொன்னார்.